நெல்லைச் சீமைச் சாப்பாடு, உடம்புக்கும் மனசுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று இன்று மூன்று மாவட்டமாக இருக்கும் பழைய நெல்லைச் சீமையில், சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் நம்ம ஊர்ச் சந்தையில் கிடைப்பதையும் நம்ம அடுப்படியில் வேகுவதையும் வைத்தே இருக்கின்றன. வெளிநாட்டு விதை, விலை கூடிய மாவு எதுவும் இதில் வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். பயறு, கீரை, பழம் எல்லாவற்றுக்கும் உங்கள் டாக்டர் சொல்லும் அளவுதான் அளவு.

நல்ல சாப்பாட்டுக்கு அளவு என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதிய உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் கணக்கு ஏறக்குறைய இப்படி: தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கடலை, எள் போன்றவை ஒரு கை, எண்ணெய் 27 கிராம். அரிசி, பருப்பு எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

இதை நம்ம வீட்டுத் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. மூன்று வேளையும் அரிசிதான். பருப்பு குழம்பில் கரைந்து எங்கேயோ இருக்கும். காய் ஒரு கரண்டி, அதுவும் பாதி நாள் உருளைக்கிழங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு ஒன்றின் உணவுக் கணக்கு 2025இல் வெளியானது. நம் நாட்டு மக்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அது சொல்கிறது. சோற்றுக்கு வெஞ்சனம் (காய், பயறு போன்ற தொடுகறி) தொட்டுக்கொள்கிற பழக்கம் மாறி, வெஞ்சனத்தோடு கொஞ்சம் சோறு என்று ஆனால் போதும். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது ஏறக்குறைய அதுதான்.

எப்படித் தொடங்குவது என்றால், மதியச் சோற்றில் ஒரு அகப்பையைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பயறு, ஒரு காய். அவ்வளவுதான். முதலில் காயையும் பயறையும் பாதி சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றைப் பிசைந்தால், சாப்பிட்ட பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகமும் குறைகிறது.

அப்படியென்றால் சோறு கெட்டதா?

இல்லவே இல்லை. தாமிரவருணிக் கரையில் இருந்துகொண்டு சோற்றைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கே உருவான அம்பை 16 குண்டு அரிசியைத்தான் பல வீடுகளில் இட்லிக்கு ஊறப்போடுகிறார்கள்.

நம்ம பக்கம் அன்றாடச் சோறு புழுங்கல் அரிசியில் ஆக்குவது நல்ல வழக்கம். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே இறங்கிவிடும். அதற்குப் பிறகு உமியும் தவிடும் போனாலும் அந்தப் பங்கு தங்கிவிடுகிறது. நன்றாகத் தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்த இடங்களில் ஒரு காலத்தில் பெரிபெரி நோய் வாட்டியது. நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நோய் அது. அதை ஆராய்வதற்காக 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சிறு பிரிவுதான் பின்னாளில் வளர்ந்து, ஹைதராபாத்துக்குப் போய், மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

இரண்டு காரியம் செய்யுங்கள். பளபளவென்று தீட்டிய அரிசியைக் கேட்டு வாங்காதீர்கள். வடிகஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், உப்பும் மோரும் கலந்து குடிக்கலாம். சுகர் உள்ளவர்களுக்கு மட்டும் வடிகஞ்சி வேண்டாம்.

சுகர் வந்துவிட்டது. சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி, கம்பு, கேப்பை (கேழ்வரகு) என்று மாறிவிட்டால் சரியாகிவிடுமா?

மாறுவது நல்லதுதான், அது மட்டும் போதாது. மேலே சொன்ன 2025 ஆய்விலேயே இது இருக்கிறது: மொத்த மாவுச்சத்தின் அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றியவர்களுக்கு சுகர் வரும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் சிறு பங்கைப் பருப்பு, பயறு, பால் இவற்றின் புரதத்துக்கு விட்டுக்கொடுத்தபோதுதான் ஆபத்து குறைந்தது.

ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலும் சாப்பிட்டுவிட்டு, "நான்தான் சோறே தொடுறதில்லையே, ஏன் சுகர் குறையல?" என்று கேட்பவர்கள் நிறைய. கரிசல்காட்டுக் கம்பும் சோளமும் அருமையான தானியங்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் அதைத் தின்றே உழைத்தவர்கள் நம் முன்னோர். ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதைவிட, சோறாகப் பொங்கி மோரும் வெஞ்சனமும் சேர்த்துச் சாப்பிடுவது சுகர்காரர்களுக்கு நல்லது.

பழைய சோறு?

நல்லது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. ஆறிய சோற்றில் ஒரு பகுதி மாவுச்சத்து எளிதில் செரிக்காத வகையாக மாறி, குடலில் இருக்கும் அந்த உயிர்களுக்கே உணவாகிறது. சின்ன உள்ளியும் மோரும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

கவனம் ஒன்று வேண்டும். சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மணிக்கணக்காகச் சும்மா கிடந்த சோற்றில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி வளரும், அதை மறுபடி சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது. மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் ஊறுகாயும் மட்டுமே என்றால் உப்பு ஏறிப்போகும். பக்கத்தில் ஒரு காணத் (கொள்ளு) துவையலோ அவித்த பயறோ வையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு உளுந்து கொடு, உளுந்து கொடு என்கிறார்களே பெரியவர்கள். அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். நம்ம சீமையில் ஒரு பெண் பிள்ளை பெரியவளானதும் அடுப்பில் ஏறுவது உளுந்தங்களி. கறுப்பு உளுந்து மாவு, கருப்பட்டிப் பாகு, கையில் ஒட்டாமல் உருளும்வரை நல்லெண்ணெய். கறுப்புத் தொலி உளுந்தம்பருப்பும் அரிசியும் தேங்காயும் வெள்ளைப்பூடும் போட்டுப் பொங்கும் உளுந்தஞ்சோறு, அதற்கு எள்ளுத் துவையல். இவை இரண்டும் நம்ம அடையாளம்.

உளுந்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்கிறது. இரும்புச்சத்தும் ஃபோலேட்டும் இருக்கின்றன. தொலியோடு சேர்த்தால் நார்ச்சத்து கூடும். எள்ளில் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் குறையும் ஒரு வகைப் புரதக்கூறு உளுந்தில் நிறைய உண்டு, உளுந்தில் குறைவது அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே பானையில் வேகும்போது ஒன்றன் குறையை மற்றது நிரப்புகிறது. நம்ம ஆச்சிகள் ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டுகொண்ட சேர்க்கை இது. எனக்கு அதில் பெருமை உண்டு.

வருத்தமும் உண்டு. இந்தக் கவனிப்பு அந்தச் சில நாளோடு முடிந்துவிடுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் அதே நிலைதான். மாதந்தோறும் ரத்தம் இழக்கிற உடம்புக்கு வாரம் ஓரிரு நாளாவது உளுந்தஞ்சோறு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கீரை என்று ஏதாவது வேண்டும்.

பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் சேராது. வைட்டமின் சி கூட வந்தால் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாத் துண்டு, அல்லது பயறின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பங்கு வீணாகும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். களைப்பு, மூச்சிரைப்பு, தலைமுடி கொட்டுதல் என்று இருந்தால் உளுந்தை மட்டும் நம்பாமல் ரத்தத்தைச் சோதித்து, டாக்டர் சொன்னால் இரும்பு மாத்திரையும் சாப்பிடுங்கள்.

கருப்பட்டி சுகர்காரர்களுக்கு ஆகுமாமே?

ஆகாது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மணமும் ருசியும் சீனிக்கு வராது, வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுக்களும் கொஞ்சம் இருக்கின்றன. எல்லாம் உண்மை. ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். சுகர் இல்லாதவர்கள் சீனிக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதே அளவுக் கட்டுப்பாட்டோடு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 50 கிராம், முடிந்தால் 25 கிராம். கருப்பட்டியும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். இரண்டு கருப்பட்டிக் காபி, ஒரு துண்டு கோவில்பட்டிக் கடலைமிட்டாய், அன்றைய பங்கு முடிந்துவிடும்.

பதநீர், நுங்கு?

நுங்கு தாராளமாகச் சாப்பிடலாம். பெரும்பாலும் தண்ணீர்தான், வெயிலுக்கு அதைவிடச் சுகம் இல்லை. உள்தோலோடு தின்றால் இன்னும் நல்லது. பதநீரில் ஒரு டம்ளருக்கு 20 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அது பலம், சுகர்காரர்களுக்கு வேண்டாம். தை மாதப் பனங்கிழங்கில் நார்ச்சத்து நிறைய.

சாப்பாட்டுக்கும் மனசுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?

உண்டு. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. ஆனால் சும்மா இருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சாப்பாடு தவறினால் அதற்குத்தான் முதலில் தெரியும். எரிச்சல், மறதி, கவனம் நிற்காமை எல்லாம் வரும். பாளையங்கோட்டையில் காலை வெறும் டீயோடு பள்ளிக்கும் கல்லூரிக்கும் பஸ் ஏறும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது இதே சீமையின் எட்டயபுரத்தில். பசித்த வயிற்றோடு பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று உணர்ந்த மண் இது. இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும் போதும், வீட்டில் பத்து நிமிஷ வேலை.

மனச்சோர்வு பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் காய்கறி, பயறு, முழுத்தானியம், மீன், கடலை, நல்ல எண்ணெய் என்று உணவை மாற்ற வழிகாட்டினார்கள். மற்றக் குழுவோடு அதே அளவு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. உணவை மாற்றிய குழுவில் மூன்றில் ஒருவருக்கு நோய் தணிந்தது, மற்றதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு. ஆய்வு சிறியதுதான், அதை வைத்து மருந்தை விட்டுவிட முடியாது. ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். நம்ம சாளை (மத்தி மீன்) குழம்பும் காணமும் கீரைக் கடையலும் அதே வரிசைதான்.

சில நேரம் மனசின் கோளாறு போலத் தெரிவது சத்துக் குறைவாக இருக்கும். பி12 வைட்டமின், இரும்பு குறைந்தாலோ தைராய்டு சரியில்லாமல் போனாலோ சோர்வும் மனவாட்டமும் மறதியும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தூக்கத்தையும் கவனியுங்கள். குடித்த காபியின் வீரியத்தில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். சாயங்காலம் நாலு மணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் இல்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் சாப்பாட்டு மாற்றம் போதாது, உடனே ஆளைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

எங்கள் வீட்டில் சுத்த சைவம். ஏதாவது குறையுமா?

புரதம் குறைய வேண்டியதில்லை, பருப்பும் தயிரும் இருக்கின்றன. பி12 குறையலாம். அது செடிகொடிகளில் கிடைக்காது. பால், தயிர், மோர் தினமும் வேண்டும். கை கால் மரத்துப்போதல், நாக்கு எரிச்சல், மறதி இருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடும் சைவக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்த மாத்திரையும் பி12ஐக் குறைக்கும்.

மீன் என்றால் எது வாங்கலாம்?

சாளை. விலை குறைந்த மீன்தானே என்று ஒதுக்காதீர்கள். மூளைக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு சீலாவை (வஞ்சிரம்) விடச் சாளையில் தாராளம். உவரி, மணப்பாடு கரையிலிருந்து வருவது சாயங்காலத்துக்குள் நெல்லைக்கு வந்துவிடும். நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச்சத்து. வாரம் இரண்டு நாள் குழம்பாக வையுங்கள். பொரித்தால் எண்ணெய் ஏறும். கருவாடு பிரஷர்காரர்களுக்கு வேண்டாம், ஒரு நாளுக்கான 5 கிராம் உப்பு அதிலேயே போய்விடும்.

சொதி, அல்வா, பரோட்டா எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

சொதியை விடவே வேண்டாம். மறுவீட்டுப் பந்தியில் இலையில் விழும் அந்தச் சொதியில் சிறுபருப்பு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி என்று எத்தனை காய்! தேங்காய்ப்பாலில் கொழுப்பு கூடுதல், அதனால் வாரா வாரம் வேண்டாம். கூட இருக்கும் சிப்ஸைக் குறைத்து இஞ்சித் துவையலைக் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டாஞ்சோறும் அவியலும் அடிக்கடி செய்யலாம். காய் சாப்பிடாத பிள்ளைகளையும் கூட்டாஞ்சோறு சாப்பிட வைத்துவிடும், முருங்கைக்கீரையைக் கடைசியில் கைநிறையப் போடுங்கள்.

அல்வா கோதுமைப்பாலும் சீனியும் நெய்யும். விருந்தாளி வந்தால், விசேஷம் என்றால், சூடாக ஐம்பது கிராம். ஊருக்குப் போகிறவர்கள் கிலோக்கணக்கில் வாங்கிப்போய் ஃபிரிட்ஜில் வைத்து தினமும் கிள்ளித் தின்பதுதான் கெடுதல். பரோட்டா மைதா, எண்ணெய். மாதம் ஒருமுறை போதும், அன்றைக்குச் சால்னாவோடு நிறுத்தாமல் முட்டையோ கறியோ கொஞ்சம் பல்லாரி (பெரிய வெங்காயம்) போட்ட தயிரோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீரை, காய் எல்லாம் விலை கூடிப்போச்சே?

முருங்கைக்கீரைக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை, தெருவுக்கு ஒரு மரம் நிற்கிறது. அதில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து, பாலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பாளை மகாராஜநகர் உழவர் சந்தையில் காலையிலேயே போனால் தண்டங்கீரையும் சீனியவரைக்காயும் (கொத்தவரங்காய்) புதிதாகக் கிடைக்கும். அந்தந்தப் பருவத்தில் மலிவாக இருக்கும் காயை வாங்குங்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பாக்கெட் தின்பண்டத்தில் பிடியுங்கள்.

புரோட்டீன் பவுடர், சத்துமாவு வாங்கலாமா?

டாக்டர் சொல்லாமல் பவுடர் வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். சத்துமாவை வீட்டிலேயே வறுத்து அரையுங்கள், பாதிக்குப் பாதி பயறு இருக்கட்டும்.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். கேட்டால் சாப்பிட்டேன் என்கிறாள், ஆனால் மெலிந்துகொண்டே போகிறாள். என்ன செய்வது?

சென்னையிலும் துபாயிலும் பிள்ளைகள், ஊரில் ஒற்றை ஆளாக அம்மாவோ அப்பாவோ. ஒருத்திக்காக என்னத்தை ஆக்க என்று ரசமும் சோறும், ராத்திரி ரெண்டு ரொட்டியும் டீயும். பல்லும் போயிருக்கும். வயதானவர்களுக்குப் பசி குறையும், புரதத் தேவை குறையாது. உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும், 50 கிலோ இருப்பவருக்கு 50 கிராம். ரசஞ்சோற்றில் அதில் பாதிகூட வராது. தசை கரைந்து விழுவார்கள், எலும்பு முறியும். தனியாகச் சாப்பிடுகிற சோற்றில் ருசியும் இருப்பதில்லை, அதனாலேயே மனசும் வாடும், மனசு வாடினால் இன்னும் சாப்பாடு குறையும்.

மெல்ல வேண்டாத புரதமாகப் பாருங்கள்: குழைய வேகவைத்த சிறுபருப்பு, உளுந்தங்கஞ்சி, தயிர், அரைவேக்காடு இல்லாத முட்டைப் பொரியல், முள் நீக்கிய மீன், பொட்டுக்கடலைத் துவையல். மூன்று வேளையாக இறங்காவிட்டால் ஐந்து வேளையாகக் கொடுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் சுகர், தைராய்டு, பல், மனச்சோர்வு எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டிப் பார்த்துவிடுங்கள்.

போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேளுங்கள். மூன்று நாள் தொடர்ந்து ரசமும் ஊறுகாயும்தான் என்றால், பக்கத்து வீட்டு அத்தையிடமோ மதினியிடமோ பேசி, மாதப் பணம் கொடுத்து, மதியக் குழம்பில் பருப்போடு ஒரு கிண்ணமும் ஒரு முட்டையும் அம்மாவுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் அம்மா அங்கேயே போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.